லைன் முடியுதாம்

ஜூலை 15, செவ்வாய்

இந்நேரத்தில் விளக்கைப் போட்டு எழுதுவதற்கு மன்னிப்பு. கேட்க இந்த நோட்டைத் தவிர யாரும் விழித்திருக்கவில்லை. பகல் முழுக்கக் காற்று. மைன்ஸ் கழிவு கொட்டிய சைனைட் மேட்டுத் தூசி கொடித்துணி மேலெல்லாம். குழந்தை ஜெனியின் சட்டைகள் இரண்டாம் முறை துவைத்தாயிற்று.

இன்றைய கூத்து: நான் ஜெனியைக் குளிப்பாட்டும்போது என் ஃபோனை அத்தை எடுத்திருக்கிறார். பேங்கிலிருந்து. அத்தைக்குப் புரிந்தது ஒரே வரி: "உங்க லைன் முப்பத்தொண்ணாம் தேதியோட முடியுது மேடம்." போதாதா? மைன்ஸ் மூடிய நாளிலிருந்து கம்பெனி வரிசையாகக் கட்டிக் கொடுத்த இந்த லைன் வீடுகளைக் காலி செய்யச் சொல்லுவார்கள் என்று பயந்தே கிடப்பவர். ஈரக் குழந்தையோடு வெளியே வந்தால் பாதித் தெரு எங்கள் வாசலில்.

"லைன் முடியுதாம் கண்ணு! முப்பத்தொண்ணு கெடு! கைக்கொழந்தைய வெச்சிகினு எங்க போறது?"

எதிர்வீட்டு பால்ராஜ் மாமா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, "எவன் வரான்னு பாக்கறேன். எங்க நைனா ஷாஃப்ட்ல எறங்கி சம்பாரிச்ச வூடு இது!"

அது வீட்டு லைன் இல்லை, கடன் லைன் என்று விளக்க அரை மணி. "பேங்க் ஒரு அளவு வெச்சிருக்கும் அத்தை. வேணுங்கறப்ப எடுத்துக்கலாம். எடுத்ததுக்கு மட்டும்தான் வட்டி. திருப்பிக் கட்டினா மறுபடி எடுக்கலாம்."

"அதுக்கு ஏன்டி லைனுன்னு பேரு வெச்சான், பாவி?"

சிரித்தேன். ரொம்ப நாளைக்கப்புறம் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

நல்ல வேளை, பேங்கில் கூப்பிட்டார்கள். நான் ஸ்கூலில் வேலை பார்த்தபோது என் பெயரில் வாங்கிய லைன். அவசரத்துக்கு என்று நானும் வீட்டுக்காரர் டேனியும் பேசி வைத்து, தொடவே இல்லை. ஜெனியின் குடலிறக்க ஆபரேஷன் மாதக் கடைசிக்குள் முடிக்கச் சொல்லியிருக்கிறார் கோலார் டாக்டர். முன்பணம் அதிலிருந்துதான். கெடுவுக்குள் எடுத்துவிட வேண்டும்.

ஜூலை 16, புதன்

செய்ய வேண்டியது: ரத்த ரிப்போர்ட். ரவை. ஜெனிக்கு ரப்பர் ஷீட். பேங்க் ஆப்.

ஆப் பார்த்தேன். எடுக்கக்கூடியது: நாலாயிரத்துச் சொச்சம். தொடாத லைன், முழுசாக இருக்க வேண்டும்.

மூடித் திறந்தேன். நெட் மோசம் என்று வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். அதே நாலாயிரம்.

பெங்களூர் வேலை முடிந்து ரயிலில் டேனி வந்தபோது மணி ஒன்பதரை. சாப்பிட்டார். அத்தை அவரிடம் லைன் கதையை நடித்துக் காட்டினார். எல்லாரும் சிரித்தோம். டேனி மட்டும் தண்ணீர் கேட்டார். சொம்பில் தண்ணீர் பக்கத்திலேயே இருந்தது.

ஜூலை 17, வியாழன்

ஜெனியை இடுப்பில் வைத்துக்கொண்டு பேங்க். கடன் மேஜையில் கன்னடப் பெண். பொறுமையான தமிழ்.

"மார்ச் பதினொண்ணாம் தேதியே எடுத்திருக்கீங்களே மேடம். வட்டி மாசாமாசம் கரெக்டா வருது."

"நான் எடுக்கல."

"ஓடிபி உங்க நம்பருக்குத்தான் வந்திருக்கு. நீங்க சொல்லாம ஆகாது." பிறகு ஜெனியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "வீட்ல ஒருதடவை கேளுங்க அக்கா."

மேடத்திலிருந்து அக்கா. அப்போதுதான் அவளிடம் பேனா வாங்கினேன்.

சலான் பின்னால் எழுதி வந்தது:
லைன் எப்போதைக்கும் இல்லை. எங்களுடையதற்கு ஒரு வருடக் கெடு.
கெடுவுக்குள் அசல் கட்டினால் அவ்வளவும் மறுபடி எடுக்கலாம்.
கெடு தாண்டினால் எடுக்க முடியாது. ஆனால் கடன் முடியாது, தவணையாக மாறும்.
புதுப்பிக்கச் சம்பளச் சீட்டு வேண்டும். போன வருடம் இருந்தது. இப்போது வேலையே இல்லை.

ஷாஃப்டில் ஆளை ஏற்றி இறக்கும் கேஜ் நின்றுவிட்டால் இறங்கியவன் கீழேதான்.

வீட்டுக்கு வந்து இதே நோட்டில் மார்ச்சைப் புரட்டினேன். "மார்ச் 11. ஜெனிக்குக் காய்ச்சல். மடியை விட்டு இறங்கவில்லை. டேனி ஃபோன். கேஸ் புக்கிங்காம், ஓடிபி கேட்டார். சொன்னேன்." அப்புறம்: "மார்ச் 19. சிலிண்டர் இன்னும் வரவில்லை. ஏஜென்சியைத் திட்டினேன்."

ஆறு எண். தப்பாகப் போட்டுவிடப் போகிறாரே என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

ஜூலை 18, வெள்ளி

விடியற்காலை, டிபன் கட்டும்போது டேனியிடம் காதோடு கேட்டேன். "லைன்ல இருந்த பணம் எங்கங்க?"

கட்டிய ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினார். "பங்காருபேட்டைல வூடு கட்ட ஒரு சைட். அட்வான்ஸ் குடுத்துக்கறேன். பத்திரம் ஆனதும் சொல்லலாம்னு... எத்தினி நாளு இந்த லைன்லயே கெடக்கறது?"

கட்டிலிலிருந்து அத்தை: "லைனுக்கு இன்னாடா ஆச்சு?"

"ஒண்ணும் இல்லமா, தூங்கு." என்னிடம், "திருப்பிக் கட்டினா ரொம்பிடும் இல்ல? நீதான சொன்ன. இன்னா அவசரம்?" ரயிலுக்கு ஓடினார்.

மத்தியானம் ஜெனி வீறிட்டாள். தொடை இடுக்கில் எலுமிச்சம்பழம் போலப் புடைத்திருந்தது. தூக்கி வைத்து, ஆட்டி, அழுகை நின்றபின் தானாக உள்ளே போயிற்று. நான் என் அழுகையை நிறுத்தத்தான் நேரமாயிற்று. அத்தை பண விவரம் தெரியாமல் பிரார்த்தனை செய்தார். ராத்திரி டேனி வந்ததும் அவரிடம் ஜெனி வலியை மட்டும் சொன்னேன். ஜெனியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தூங்கவில்லை, எனக்குத் தெரியும்.

டேனி, இந்த நோட்டை நீங்கள் தொட்டதில்லை. இன்று நானே உங்கள் டிபன் பையில் வைக்கிறேன். ஒரே அறை. அத்தை காதில் விழாமல், சுவருக்கு அந்தப் பக்கம் கேட்காமல் இதைப் பேச எனக்கு இடமில்லை. முதலில் மார்ச் 11 படியுங்கள். அப்புறம் இது.

சைட் வேண்டாம் என்று சொல்லியிருக்கமாட்டேன். எனக்கும் இந்த அறை போதவில்லை. என்னிடம் நீங்கள் அதைக் கேட்கவில்லை, நம்பரை மட்டும் கேட்டீர்கள்.

ரொம்பிடும் என்றீர்களே, ரொம்பும். முப்பத்தொன்று வரைக்கும். ஒன்றாம் தேதி கட்டினால் கடன்தான் குறையும், ஜெனிக்கு ஒரு பைசா வெளியே வராது. அதனால் அட்வான்ஸ் யாரிடம் இருக்கிறது, திரும்பி வருமா, எந்தத் தேதிக்குள், இவ்வளவும் வேண்டும். பின்பக்கம் காலியாக இருக்கிறது. ரயிலில் உட்கார இடம் கிடைத்ததும் எழுதுங்கள். நாளை ராத்திரிக்குள் பதில் கொடுங்கள்.