டிராக்டருக்கு இன்னும் இரண்டு லைட்

தை 6, செவ்வாய்

காலையில் பனி. பத்து மணிக்குத்தான் வெயில்.

அண்ணன் பெரம்பலூர் போய் எல்இடி லைட் இரண்டு வாங்கி வந்திருக்கிறான். டிராக்டருக்கு. கம்பெனி கொடுத்த ஹெட்லைட் போதாதாம். கரும்பு சீசன், எறையூர் ஆலைக்கு லோடு போகும்போது ரோடு தெரிய வேண்டுமாம்.

ரோடு தெரியாதது லைட்டின் குற்றமா? அவனுக்கு மாலைக்கண். இந்த வீட்டில் நான் ஒருவன்தான் கண்டுபிடித்திருக்கிறேன். பொழுது சாய்ந்தால் கோழி மாதிரி அடைந்துவிடுகிறான். வெளிச்சம் இருக்கும்போதே லோடை ஆலை வரிசையில் நிறுத்திவிட்டு, அங்கேயே தூங்கி, காலையில் வருகிறான். கேட்டால் இடுப்பு வலி.

பதினோரு வருடமாக நான் மட்கார்டில் உட்கார்ந்து போகிறேன். சாவி அவன் அரைஞாண் கயிற்றில். மூத்தவன் இருக்கும்போது சின்னவன் எதற்கு ஓட்ட வேண்டும் என்பது அப்பாவின் சட்டம்.

சாயங்காலம் கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்தது. தவிட்டு வாளியை நடைவழியில் வைத்திருக்கிறாள் கோமதி. எனக்கு வாக்கப்பட்டு ஒன்பது வருடம், எதை எங்கே வைப்பது என்று இன்னும் தெரியவில்லை. நன்றாகத் திட்டினேன். வாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

தை 7, புதன்

லைட் மாட்டும் வேலை. காலை எட்டு முதல் மூன்று வரை.

பம்பரில் இரண்டு ஓட்டை. இரும்புப் பட்டையை வளைத்து இரண்டு தாங்கி. எர்த் பிடிக்கும் இடத்தில் பெயிண்ட்டைச் சுரண்டியது. ரிலே, ஸ்விட்ச், பேட்டரிப் பெட்டி ஓரமாக ப்யூஸ். எல்லாம் அவன் கை. நான் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன்.

வேலை சுத்தம், இல்லையென்று சொல்ல முடியாது. ஒரு ஒயர் தொங்கவில்லை. பகலில் ஊசியில் நூல் கோப்பான் என் அண்ணன். ரிலே இல்லாமல் நேராகக் கொடுத்தால் ஸ்விட்ச் உருகிவிடும் என்று பாடம் வேறு.

பாடத்தை விட்டுவிட்டு ப்யூஸ் இருக்கும் இடத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டேன்.

தை 9, வெள்ளி

பெரம்பலூரில் கோமதியின் சித்தப்பா வீட்டுக் காதுகுத்து. கறி வேகவில்லை. பந்தியில் என்னை இரண்டாவது வரிசையில் உட்கார வைத்தார்கள், மறக்க மாட்டேன்.

திரும்பும்போது பொழுது இறங்கிவிட்டது. சனியன் பிடித்த ஸ்பீடு பிரேக்கர், ஒரு கோடு வெள்ளை பெயிண்ட் கிடையாது. வண்டி தூக்கி அடித்தது. எதிரே வருகிறவன் எல்லாம் ஹைபீம். கோமதி பின்னால் உட்கார்ந்து, முன்னால் ஆடு, இந்தப் பக்கம் சைக்கிள் என்று ஒரே நச்சரிப்பு. வாயை மூடு என்றேன். மூடினாள். ஒரு ஆட்டின் மேல் உரசிவிட்டேன். அதற்கும் அவள்தான் காரணம், சொல்லியிருக்க வேண்டாமா.

தை 11, ஞாயிறு

இன்று முடித்தேன்.

லைட்டுக்குப் பூசை. அண்ணன் காலையில் போட்டுவிடலாம் என்றான். லைட்டு பூசையைப் பகலில் போட்டால் எரிவது யாருக்குத் தெரியும் என்று அப்பா காதில் போட்டேன். அப்பாவுக்கு அது நியாயமாகப் பட்டது. ஆறரை மணி என்று முடிவு. கரும்பு வெட்டும் ஆட்களின் மேஸ்திரியையும் வரச் சொன்னேன். சாட்சி வேண்டுமே.

ஆறு மணிக்கு ப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அண்ணி சூடம் காட்டினாள். நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம். பழத்தை நசுக்கி வண்டி நகர்ந்தே ஆக வேண்டும், நகராவிட்டால் அபசகுனம். அண்ணன் ஏறி ஸ்விட்சைப் போட்டான். எரியவில்லை. திரும்பத் திரும்பத் தட்டினான். பழைய ஹெட்லைட் இரண்டு மட்டும் அழுது வடிந்தன. அப்பா கட்டிலில் இருந்து, "நல்ல நேரம் போவுது, எடுப்பா" என்றார்.

எடுத்தான். பழம் நசுங்கியது. களத்தில் ஒரு வளைவு வளைத்து நிறுத்தினால் போதும். நேராகப் போய் மாட்டுத் தொட்டியில் ஏற்றினான். தொட்டி இரண்டாகப் பிளந்தது. மேஸ்திரி சிரித்துவிட்டான்.

இறங்கி, கையை முன்னால் நீட்டிக்கொண்டு வந்தான். எல்லோரும் பார்க்கும்படி நான் எதிரே போய் நின்றேன்.

"அண்ணே, என் கையில எத்தன வெரலு, சொல்லு பாப்பம்."

சிரிப்பு நின்றுவிட்டது. அவன் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "லைட்ட என்னடா பண்ணுன?"

அண்ணனே அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்து நீட்டினான். நான் இல்லாத பக்கம் நீட்டினான். கொஞ்ச நேரம் நீட்டிக்கொண்டே நிற்கட்டும் என்று விட்டு, பிறகு வாங்கினேன்.

தை 12, திங்கள்

ப்யூஸ் போட்டாயிற்று. அற்புதமாக எரிகிறது.

உறுத்தல் ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. ரோட்டில் நாலு பேரைக் கொல்வதற்கு முன்னால் நிறுத்தியிருக்கிறேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் சாவி வந்திருக்காது.

அண்ணி காபி தரவில்லை. பரவாயில்லை.

தை 15, வியாழன்

அரியலூரில் கண் முகாம். அண்ணி அவனைக் கூட்டிப் போய் வந்தாள். வைத்தியம் கிடையாதாம், மெல்ல மெல்லப் பகலும் போய்விடுமாம். அப்பா அம்மா சொந்தத்தில் கட்டியவர்களா என்று டாக்டர் கேட்டாராம். அம்மா அப்பாவுக்கு அக்கா மகள்.

இதையெல்லாம் அண்ணி என் வாசலில் நின்று சொன்னாள். "கூடப் பொறந்தவங்களுக்கும் இருக்கலாமாம். உங்களையும் வரச் சொன்னாங்க."

எனக்கென்ன கேடு என்றேன். வயிற்றெரிச்சலில் பேசுகிறாள்.

கோமதி இப்போதெல்லாம் நான் உள்ளே வருவதற்கு முன்பே எல்லா அறையிலும் லைட் போட்டுவிடுகிறாள். நடைவழியில் ஒரு வாளி, ஒரு முக்காலி கிடையாது. எப்போதிலிருந்து இப்படிப் பொறுப்பு வந்தது?

தை 18, ஞாயிறு

என் முதல் லோடு. புதுச் சட்டை போட்டுக்கொண்டேன். வெட்டு முடியத் தாமதம், கிளம்பும்போது ஆறே கால்.

நாலு லைட்டும் போட்டேன். எதிரே பட்டப்பகல். இரண்டு பக்கமும் கறுப்புப் படுதா கட்டியது மாதிரி. மதகுக் கல் எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. டிரெய்லர் சக்கரம் ஏறிச் சாய்ந்து பாதிக் கரும்பு வாய்க்காலில். மட்கார்டில் இருந்த மேஸ்திரி குதித்துவிட்டான், முழங்கை எலும்பு விட்டுப் போச்சு. கட்டுப் போடும்போது என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவ்ளோ பெரிய கல்லு தெரியலியா?"

லைட்டைக் கோணலாக மாட்டியிருக்கிறான் அண்ணன். பழிவாங்கல். வேறென்ன.

தை 20, செவ்வாய்

மத்தியானம் அவனைக் கேட்கப் போனேன். வெயிலில் உட்கார்ந்து உரச் சாக்கு தைத்துக்கொண்டிருந்தான். லைட்டை ஏன் கோணலாக வைத்தாய், பக்கவாட்டில் ஒன்றும் தெரியவில்லை என்று கத்தினேன்.

ஊசி நின்றது. ரொம்ப நேரம் என் முகத்தைப் பார்த்தான். கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன். அவன் சிரித்தான்.

"ஆங்கிளு சரியாத்தான் இருக்கு. பக்கத்துக்கு ஒண்ணு ஒண்ணா இன்னும் ரெண்டு மாட்டிக்க. ரெண்டோட நிக்காதுடா. நானும் ரெண்டுலதான் ஆரம்பிச்சேன்."

திரும்பிவந்து கோமதியிடம் கேட்டேன், எத்தனை நாளாக உனக்குத் தெரியும் என்று. அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கல்யாணமான மறுவருசம்."

பயமாக இருக்கிறது.

நாளை பெரம்பலூரில் வாங்க வேண்டியது:
லைட் 2
ரிலே 1
ஒயர் 10 மீட்டர்
அப்பாவுக்குப் பொடி டப்பா

மேஸ்திரி கேட்டால் இடுப்பு வலி என்று சொல்ல வேண்டும். வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிட வேண்டும்.