நடந்ததா, சொன்னதா?

தங்கச்சி,

நீ அட்டை போட்ட சரித்திரப் புத்தகம் இன்று மேசையில் திறந்து கிடந்தது. தேயிலைப் பையின் வெள்ளித்தாளில் போட்ட அட்டை. தூள் வாசனை இன்னும் போகவில்லை. குனிந்த உடனே, நீ பின்னால் நின்று எட்டிப் பார்ப்பது போல இருந்தது. நான் பயப்படுகிற ஆள் இல்லை, சிறுத்தையையே முறைத்துத் திருப்பி அனுப்பியவன். ஆனாலும் திரும்பிப் பார்க்கவில்லை.

உன் மகளுக்கு இழுப்பு. பனியில் மலையேறிப் பள்ளிக்கூடம் போகக்கூடாது என்று டாக்டர் சொன்னதும், வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாய். கணக்கு, தமிழ் எல்லாம் லேசாக நடந்தன. சரித்திரத்துக்கு எந்தப் புத்தகத்தை முதன்மையாக வைப்பது என்பதில்தான் மாதக்கணக்கில் தவித்தாய். வேதம் வாசித்து வளர்கிற பிள்ளை, கையில் கிடைத்ததைக் கொடுக்க முடியாது என்பாய்.

நான் சும்மா இருப்பேனா? எட்டாம் வகுப்போடு நான் நின்றது பள்ளிக்கூடத்துக்குத்தான் நஷ்டம். ஹட்டனில் எனக்குத் தெரியாத பாஸ்டரும் கிடையாது. ஒருவரிடம் சொல்லிவைத்து, பொன் விளிம்பு போட்ட, தலையணை போன்ற புத்தகம் ஒன்றைத் தூக்கி வந்தேன். அதில் விசுவாசிகள் போன இடமெல்லாம் வெளிச்சம்தான். நீயோ பழைய புத்தகக் கடையில் எடுத்த இந்த மெலிந்ததைப் பிடித்துக்கொண்டாய். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முழங்காலிட்ட வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார், திங்கட்கிழமை கொழுந்து பறிக்கிற நம் ஆட்களை என்ன பாடு படுத்தினார்கள் என்று அதில் ஒரு அதிகாரமே இருந்தது. பிள்ளையின் விசுவாசம் போய்விடும் என்று சண்டை பிடித்தேன்.

“தாவீது ராஜா செஞ்ச பாவத்த வேதமே மறைக்கல அண்ணே. நம்ம சபை ஆளுங்க செஞ்சத மறைக்கிற புஸ்தகம் எனக்கு எதுக்கு?” என்றாய்.

அதோடு விட்டாயா? நம் தாத்தா கதையிலும் கை வைத்தாய். தோட்டத்து ஆட்களுக்கு மேற்பார்வையாளராக, பெரிய கங்காணியாக இருந்த அவரைக் கண்டதும் வெள்ளைக்காரத் துரை குதிரையை விட்டு இறங்கித் தொப்பியைக் கழற்றிய கதை. அதைக் கேட்பதற்காகப் பூண்டுலோயா பஸ்ஸே நின்றிருக்கிறது. நீ மட்டும் காதில் செருகிய பென்சிலை எடுத்து என் பக்கம் நீட்டுவாய். “நடந்ததா அண்ணே, சொன்னதா?”

சண்டை முடியுமுன் உன் நெஞ்சுவலி முந்திக்கொண்டது. உன் குழிமேட்டில் புல் முளைத்த பிறகு, ஒரு மத்தியானம் உன் மகள் இரண்டு புத்தகங்களையும் என் முன் வைத்தாள்.

“நீங்களும் அம்மாவும் பேசி முடிக்கவே இல்லையே மாமா. நான் எதப் படிக்கட்டும்?”

எதிர்த்துப் பேச ஆளில்லை. பொன் விளிம்பைத் தடவிக்கொண்டே, பெரிய மனிதர்களைப் பெரிய புத்தகத்தில்தான் படிக்க வேண்டும் என்று தாத்தா கதையை ஆரம்பித்தேன். குதிரை வந்தது. துரை இறங்கினார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. தகரத்தில் மழை. அவள் காதில் உன் பென்சில். அந்தக் கேள்வி மட்டும் அறைக்குள் கேட்டது, சத்தியமாக, உன் குரலில்.

“தாத்தா அரைப்பேரு போட்டவரும்மா” என்று என் வாயிலிருந்து வந்தது. தனக்குப் பிடிக்காதவர்கள் முழு நாள் கொழுந்து பறித்தாலும் அரை நாள் என்று பதிந்தவர். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் அப்படித்தான். நம் அப்பா நம் இருவருக்கு மட்டும் சொன்னது அது.

“அப்ப தொப்பி?” என்றாள்.

தெரியாது என்றேன். என் ஆயுளில் அந்தச் சொல்லை நான் பாவித்ததே இல்லை.

அவள் பெரிய புத்தகத்தைத் தள்ளி வைத்துவிட்டு, வெள்ளித்தாள் அட்டையைத் திறந்தாள்.

ஹட்டன் டீக்கடையில் இன்னும் என்னிடம் கதை கேட்கிறார்கள். சிறுத்தைக் கதை வழக்கம்போல ஓடுகிறது, அதை நீ விட்டுவிட்டாய் போல. தாத்தா கதைதான் நகரமாட்டேன் என்கிறது. துரை இறங்குகிறார். தொப்பியில் கை வைக்கிறார். எங்கிருந்தோ உன் பென்சில் நீளுகிறது. கை அப்படியே நிற்கிறது.