பக்கீர் காக்கா உன்னைத் தெரியாது என்றார்

ஆரையம்பதி,
1998 பங்குனி 14

அன்புள்ள மகள் லோசினிக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் கண்ணகை அம்மன் பார்வையில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மருமகனும் அந்த அமெரிக்கக் குளிரில் அப்படியே இருக்க வேண்டுமென்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். உன்னிச்சை வட்டை வயலில் இம்முறை வேளாண்மை நல்ல விளைச்சல், சூடடித்து நெல்லும் வீட்டுக்கு வந்துவிட்டது. வழியில் ஆமிச் சென்றியில் மூட்டைகளை அவிழ்த்துப் பார்த்தார்கள், பார்த்ததற்கு இல்லை, திரும்பக் கட்டித் தராமல் விட்டதற்குத்தான் அப்பாவுக்கு இன்னும் கோபம். தங்கராசா மாமாவின் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது, மூக்கு உன்னுடையது என்கிறார்கள், பாவம் பிள்ளை.

உன் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, பிறகு நான் விளக்கினேன். அங்கே ஆட்கள் மாதாமாதம் காப்புறுதிக் கம்பனிக்குக் கட்டுவார்கள், பல்லைப் பார்த்த டொக்டருக்குக் கம்பனி கொடுக்கும், ஆனால் தன் பட்டியலில் பெயர் உள்ள டொக்டருக்கு மட்டும்தான். உன்னைப் போல் தனியாகக் கிளினிக் போட்டவர்கள் ஒவ்வொரு கம்பனிக்கும் வேறு வேறாக விண்ணப்பம் போட வேண்டும், எங்கே படித்தாய், அங்கே எழுதிய சோதனை என்ன, அனுமதிப் பத்திரம் சரியா, முன்பு எங்கே வேலை, உன் மேல் வழக்கு முறைப்பாடு உண்டா என்று அவர்களே நேரடியாக விசாரித்து, கூட்டம் வைத்து, அதன் பிறகுதான் பெயரை ஏற்றுவார்கள், அதற்கே மாதக்கணக்கில் ஆகும். அப்பா கேட்டுவிட்டு, அப்ப மாப்பிள்ளை விசாரிக்கிற மாதிரித்தானே, இதுக்கு ஏன் இவ்வளவு விளக்கம் என்றார். இருக்கட்டும். ஆட்கள் டெலிபோன் எடுத்து எந்தக் கம்பனி என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார்கள், இந்தக் கம்பனியிலும் பெயர் ஏறாவிட்டால் கிளினிக்கை மூடிவிட்டு மறுபடி ஒருவருக்குக் கீழே வேலைக்குப் போக வேண்டியதுதான் என்று நீ எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். அதிலும் நீ முன்பு வேலை செய்த காத்தான்குடி றவூப் டொக்டரின் கிளினிக்கில் கம்பனிக்காரர் கேட்டபோது அப்படி ஒருவர் இங்கே வேலை செய்யவே இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்பதை வாசித்தபோது எழுந்தே விட்டேன். அங்கே டெலிபோன் எடுப்பது பக்கீர் காக்கா ஒருவர்தானே. சொல்லிக்கொள்ளாமல் போனதற்குக் கோபமோ, தமிழர், முஸ்லிம்கள் என்று எங்கள் இரண்டு சனத்துக்கும் இடையில் நடந்ததை மனதில் வைத்திருக்கிறாரோ, எடுத்துக் கேட்க மனம் வரவில்லை என்று எழுதியிருந்தாய். எனக்கும் அதே எண்ணம்தான் வந்தது.

அடுத்த நாளே காத்தான்குடியில் காக்கா வீட்டுக்கு நடந்தேன், போகும் வழியெல்லாம் என்ன கேட்பது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். காக்காவின் மனைவி ஆமினா உம்மா வாசலிலேயே கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்த் தேத்தண்ணி தந்தா, நான் குடிக்காமல் வைத்துக்கொண்டு, என் பிள்ளையை ஏன் தெரியாது என்று சொன்னீர்கள் காக்கா என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது மகள். ஓம் புள்ள, ரெண்டு தரம் கேட்டாங்க, ரெண்டு தரமும் தெரியாதெண்டுதான் சொன்னன் என்று பெருமையாகச் சொன்னார். முழுப்பேரக் கேக்கா, பொறந்த தேதியக் கேக்கா, எப்ப வந்தா, ஏன் போனா, வழக்குக் கிழக்கு இரிக்கா எண்டும் கேக்கா, இதெல்லாம் ஆரு கேக்கிற கேள்வி, பொம்புள குரல், இங்கிலீசெண்டா நம்பிடுறதா, ஆமிக்காரனுகள் பொம்புளய விட்டும் கேப்பானுகள் என்றார். எங்கள் ஊர் நல்லரத்தினத்தின் மகனை இப்படித்தான் பெயரும் பிறந்த தேதியும் சொல்லி ஒருவர் விசாரித்தார், யாரோ நல்ல எண்ணத்தில் ஓம், இந்த வீட்டுப் பிள்ளைதான் என்று காட்டிவிட்டார்கள், கூட்டிப்போனார்கள், அதன் பிறகு அந்தப் பிள்ளை திரும்பி வரவில்லை, உனக்கும் தெரியும். நான் கோபத்தைக் கொண்டுபோன இடத்தில் அழுதுவிட்டேன். வெட்கத்தையும் சொல்கிறேன், அந்த மனுசனைத் தப்பாக நினைத்தேனே என்றுதான் அழுதேன்.

விஷயத்தை விளக்கியதும் காக்கா தலையில் கை வைத்துக்கொண்டார், புள்ளைட சோத்துல நானா மண்ணள்ளிப் போட்டன் என்று ஒரே புலம்பல். அன்றைக்கே றவூப் டொக்டரிடம் போய், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை வேலை செய்தாய், முறைப்பாடு எதுவும் இல்லை, நல்ல முறையில் விலகினாய் என்று ஆங்கிலத்தில் எழுதி முத்திரை குத்தி வாங்கினார். பின்னேரம் கொமினிகேஷன் கடையிலிருந்து நீ எழுதிய நம்பருக்கு அதை பேக்ஸ் பண்ணிவிட்டு, அங்கே விடிந்திருக்கும் என்று தானே டெலிபோனும் எடுத்தார், நானும் பக்கத்தில் நின்றேன். அந்தப் பெண் கேட்டதற்கு ஓம் இல்லை என்று சொன்னால் போதும், இவர் விட்டால்தானே. நீ தன் கடைவாய்ப் பல்லை நோகாமல் எடுத்தாய் என்று சொல்லி டெலிபோனுக்கு வாயைத் திறந்தும் காட்டினார், கடைக்காரன் சிரித்துக் கதிரையிலிருந்து விழப் பார்த்தான். கோப்பைத் திரும்பத் திறந்து அடுத்த கூட்டத்தில் வைப்பதாக அவள் சொன்னாளாம். எனக்கு அது போதும், பெயர் ஏறிவிடும், நீ கிளினிக்கை மூடும் பேச்சை விடு.

காக்காவுக்கு நீ தனியாக ஒரு கடிதம் எழுது, உன் படமும் வை. நேரத்துக்குச் சாப்பிடு, மற்றவர் பல்லைப் பார்த்துக்கொண்டு உன் வயிற்றை மறக்காதே. மருமகனுக்கு எங்கள் ஆசீர்வாதம். நீங்கள் இருவரும் ஒரு நோயும் அண்டாமல் நீடூழி வாழ வேண்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. இனி வேறு கம்பனிக்கு விண்ணப்பம் போட்டால் கம்பனியின் பெயரை முதலில் எங்களுக்கு எழுது, வந்ததும் நான் காக்காவிடம் போய்ச் சொல்கிறேன். நான் புறப்படும்போது அவர் சொல்லித்தான் அனுப்பினார், உங்கட வாயால கம்பனிப் பேரக் கேக்காம ஆரு வந்து கேட்டாலும் எனக்கு லோசினியத் தெரியாதுதான் என்று. என்னிடம் வந்து கேட்டாலும் அதே பதில்தான் மகள், உன் கடிதம் வரும்வரை எனக்கும் உன்னைத் தெரியாது.

உன்னைப் பெற்ற அம்மா,
அன்னப்பூரணி