தகட்டின் தடிமன்

கிருஷ்ணகிரி
03.06.2024

அன்புள்ள ப்ரீதா அக்காவுக்கு,

கர்த்தர் கிருபையால் எழுந்து உட்கார்ந்து எழுதுமளவுக்குத் தேறிவிட்டேன். போனைப் பார்த்தால் தலை வலிக்கிறது, டாக்டரும் கூடாது என்றுவிட்டார். அதனால்தான் காகிதம். எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே, முன்பும் அப்படித்தான் இருந்தது.

மண்டையில் நொறுங்கிய எலும்பை எடுத்த இடம் வலப்பக்கம் பள்ளமாகக் கிடக்கிறது. நான் தும்மினால்கூட அம்மா ஓடி வருகிறாள். அங்கே வைக்கும் தகட்டை உன் கம்பெனியில் நீயேதான் வடிவமைக்கிறாய் என்று டாக்டர் சொன்னார். பெருமையாக இருந்தது. பக்கத்து வீட்டு சென்னம்மாவிடம்கூடச் சொல்லிவிட்டேன். ஆபரேஷன்தான் ஏனோ ஒரு வாரம் தள்ளிப்போயிருக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு நீ ஒருமுறையும் வீட்டுக்கு வரவில்லை. ஓசூர் என்ன துபாயிலா இருக்கிறது? உனக்கு லீவு கிடைக்கவில்லை என்கிறாள் அம்மா. ஞாயிற்றுக்கிழமைக்கு யாரிடம் லீவு கேட்கிறாய்?

உன் தம்பி,
ஜாக்சன்

ஓசூர்
08.06.2024

அன்புத் தம்பி ஜாக்சனுக்கு,

உன் ஆபரேஷன் தள்ளிப்போனது என்னால்தான். ஸ்கேனில் தெரியும் உன் இடப்பக்க எலும்பைக் கம்ப்யூட்டரில் வலப்பக்கமாகத் திருப்பிப்போட்டு, அதை வைத்துத் தகட்டை வரைவோம். தினமும் செய்கிற வேலை. உனக்கு மட்டும் கை நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் கெட்டியாக இருக்கட்டும், இன்னும் கொஞ்சம் என்று ஏற்றிக்கொண்டே போனேன். இவ்வளவு தடிமன் இருந்தால் மேலே தோல் மூடாது என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். எங்கள் மேனேஜர் ராமப்பன் சார் அது என் தம்பிக்கென்று தெரியாமல், "என்னம்மா, தகடு கேட்டா ஹெல்மெட்டு பண்ணி வெச்சிருக்கற" என்று சிரித்தார். பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

சூளகிரிக் கல்யாணத்துக்குக் கிளம்பிய அன்று நீ இன்னொரு ஹெல்மெட்டைக் கேட்டாய். "பின்னாடி உக்கார்றவனுக்கு எதுக்குடா, தலை கலைஞ்சிரும்" என்றேன். சர்வீஸ் ரோட்டு மணலில் வண்டி சறுக்கியபோது என் தலையில் ஹெல்மெட் இருந்தது. ஒரு கீறல்கூட இல்லாமல் எழுந்தேன்.

உன் தலையை நாள்முழுக்கத் திரையில் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறேன். நேரில் பார்க்கத் தைரியமில்லை. கூட வேலை செய்யும் ஐசக்கிடம் தகட்டைக் கொடுத்துவிட்டேன். அவருக்கு நல்ல கை.

ப்ரீதா

கிருஷ்ணகிரி
12.06.2024

அக்கா,

உன் கடிதத்தை அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். உன்மேல் தப்பில்லை என்று எழுதச் சொன்னாள். எனக்கு மனம் வரவில்லை. தப்பு உன்னுடையதுதான். ஹெல்மெட் கேட்டது எனக்கும் ஞாபகம் இருக்கிறது. கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் உன்மேல் கோபம் வருகிறது. வராத ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது?

ஐசக் நல்லவராகவே இருக்கட்டும், என் தலைக்கு அவர் வேண்டாம். அவர் தப்பாகச் செய்தால் அவரை நான் என்ன கேட்க முடியும்? நீயே திரும்ப வாங்கி, டாக்டர் சொன்ன தடிமனில் வரைந்து கொடு.

மன்னித்துவிட்டேன் என்று எழுதி அனுப்பினால், அதைப் படித்துவிட்டு நீ அங்கேயே இருந்துவிடுவாய். அதனால் எழுதமாட்டேன். நேரில் வந்து கேள்.

ஜாக்சன்