பெல் ரிப்பேர்

8 நவ., சனி
காலையிலேயே புகை. தொண்டை கரகர. முகமூடி போட்டுக்கொண்டு லாஜ்பத் ராய் மார்க்கெட். வாங்கியது: வைஃபை உள்ள போர்டு (தீப்பெட்டி அளவுதான்), சின்ன மைக், ஒரு பல்பு, ஒயர் ஒரு கொத்து. "பேட்டே கா ப்ராஜெக்ட், மேடம்?" என்றார் கடைக்காரர். எனக்கேது மகன்? ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன்.

நேற்று நடந்தது. ஆபீசிலிருந்து வந்து வாசலில் நாற்பது நிமிடம். உள்ளே தாழ்ப்பாள். பெல் அடிக்கிறேன், அடிக்கிறேன். போனையும் எடுக்கவில்லை. பின்பக்கம் போய் ஜன்னலில் பார்த்தால் அக்கா முதுகைக் காட்டியபடி பட்டாணி உரிக்கிறாள். தற்செயலாகத் திரும்பினாள், பிழைத்தேன். "பெல் ரிப்பேர்டி, ஆளை வரச் சொல்லு." மாடி வீட்டுக்கே கேட்ட பெல்!

17 முதல் எனக்கு டேராடூனில் பத்து நாள் ட்ரெய்னிங். போகாவிட்டால் ப்ரமோஷன் போச்சு. இங்கே அக்கா தனியாக.

9, ஞாயிறு
திட்டம்: பெல்லுக்குப் பக்கத்தில் மைக். சத்தம் கேட்டால் அக்கா நாற்காலிக்கு எதிரே பல்பு மினுக்கும், என் போனுக்கு மெசேஜ் வரும். யோசனை ஆபீஸ் கம்ப்யூட்டர் செக்‌ஷன் ப்ரீத்தியுடையது. "ஈஸி ஹை, மேடம்." ஈஸியாம்!

ப்ரோகிராம் ஏற்றப் பார்த்தால் லேப்டாப்புக்கு போர்டே தெரியவில்லை. மூன்று மணி நேரம் போயிற்று. ப்ரீத்திக்கு போன். என்னுடையது சார்ஜ் மட்டும் ஏற்றுகிற கேபிளாம், டேட்டா போகாதாம். வேறு கேபிள். அப்புறம் 'கனெக்டிங்' என்று புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டே நின்றது. போர்டில் 'பூட்' பட்டனை அமுக்கிப் பிடிக்க வேண்டுமாம். பிடித்தேன். நீல விளக்கு ஒரு வினாடி எரிந்தது, ஒரு வினாடி அணைந்தது. ஐம்பத்தாறு வயதில் கை தட்டினேன். அக்கா திரும்பவில்லை.

11, செவ்வாய்
வைஃபையில் சேர மாட்டேன் என்கிறது. ஒரு செமிகோலன் விட்டுப்போனாலும் ப்ரோகிராமைத் திருப்பி அனுப்புகிறது, எங்கள் நிதிப் பிரிவு ஃபைலைத் திருப்புவது மாதிரி. ஆபீசில் வேலையே ஓடவில்லை. கடைசியில் பார்த்தால் பாஸ்வேர்டில் ஒரு பெரிய எழுத்தைச் சின்னதாகப் போட்டிருக்கிறேன். தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

அக்கா ஒயரைப் பார்த்துவிட்டாள். "எனக்கு எதுக்குடி லைட்டு? முப்பது வருஷம் டிக்டேஷன் எடுத்த காது இது. ஆபீசர் வாய்க்குள்ள முணுமுணுத்தாக்கூட ஒரு வார்த்தை விட்டதில்ல." உண்மை. அக்கா மாதிரி ஸ்டெனோ கிடையாது என்பார்கள். போன வருஷம் காது டாக்டர் என்று வாயெடுத்தேன், இரண்டு நாள் என்னோடு அவள் பேசவில்லை. இனி அதைச் சொல்ல எனக்கு தைரியமில்லை.

ரயிலுக்கு இன்னும் ஐந்து நாள்.

13, வியாழன்
நேற்று மாட்டியாயிற்று. வேலை செய்கிறது!! ஆபீசில் பதினொன்றரைக்கு வரிசையாக மூன்று மெசேஜ். நாள் முழுக்கப் பதற்றம். வீட்டுக்கு வந்தால், சாம்பார். குக்கர் மூன்று விசில்.

மைக்கில் ஒரு பித்தளைத் திருகு. அதைத் திருகித் திருகி, விசில் படாமல் பெல் மட்டும் படும்படி வைப்பதற்குள் கழுத்து பிடித்துக்கொண்டது. வாங்க வேண்டியது: ஸ்வெட்டருக்குப் பட்டன், அக்காவுக்கு பி.பி. மாத்திரை.

14, வெள்ளி
மத்தியானம் 3.10, மெசேஜ். தபால்காரர் என்று விட்டேன். 3.12. 3.13. ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருந்தது. லைட் மினுக்கியும் அக்கா ஏன் திறக்கவில்லை? விழுந்து கிடக்கிறாளோ? ஃபைலை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோ. "பையா, ஜல்தி." கோல் மார்க்கெட் சிக்னலில் பதினோராவது மெசேஜ் வந்தபோது அழுதேவிட்டேன்.

வாசல் கதவு திறந்தே இருந்தது. நிலைப்படியில் அக்கா. ஒரு கை வெளியே ஸ்விட்சில். தலையைச் சாய்த்து, காதை உள்ளே பெல் பக்கம் கொடுத்தபடி. இன்னொரு கையில் பழைய ஸ்டெனோ நோட்டு. ஒரு தடவை அமுக்கினால் ஒரு கோடு. காதில் விழுந்தால் பக்கத்தில் டிக். பதினோரு கோடு, இரண்டே டிக்.

என்னைப் பார்த்தும் நோட்டை மறைக்கவில்லை. மறுபடி அமுக்கினாள். கணீரென்று அடித்தது. ஹாலில் பல்பு மினுக்கியது, என் கையில் போன் அதிர்ந்தது. பன்னிரண்டாவது கோடு போட்டாள். டிக் போடவில்லை.

"பெல் சரியாத்தான்டி இருக்கு" என்றாள்.