மாப்பிள்ளை அழைப்புக்கு வாங்கிய கார்

என் பிரியமான அத்தானுக்கு,

சேகர் எழுதுகிறேன். அக்கா நன்றாக இருக்கிறாள். முழங்கால் வலியும், என்மேல் இருக்கிற கோபமும்தான் அவளுக்குக் குறை. வலிக்குத் தைலம் வாங்கிக் கொடுத்தேன். கோபத்துக்கு என்னிடம் மருந்து இல்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

காவிரியில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போகிறது. அம்மா மண்டபம் போகிற வழியில் புதிதாக இரண்டு வேகத்தடை போட்டிருக்கிறார்கள், யானைக்குப் போட்ட மாதிரி. நம் வெள்ளை வேனை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். நீங்கள் வைத்திருந்த சீட்டைப் பின்னால் தள்ள மனசு வரவில்லை. ஸ்டியரிங்கில் முழங்கால் இடிக்க இடிக்க ஓட்டுகிறேன்.

அந்தக் கறுப்புக் காரைப் பற்றித்தான் பேச வேண்டும். பெங்களூருக்கு நாம் இரண்டு பேரும் போய் ஓட்டிக்கொண்டு வந்தோமே, அந்த வெளிநாட்டுக் கார். ஸ்ரீரங்கத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகை விட அப்படி ஒன்று இருந்தால் முகூர்த்த மாதங்களில் நமக்கு உட்கார நேரமிருக்காது என்று உங்களை நச்சரித்தவன் நான். "வண்டிதான் பழசு சேகரு, செலவு புது வண்டிச் செலவுதான் வரும்" என்றீர்கள். நான் கேட்டேனா?

முதல் மாதமே ஒரு காலையில் போய்ப் பார்த்தால் கார் ஒரு பக்கமாகக் குந்திக்கொண்டிருந்தது. இதற்கு ஸ்பிரிங் கிடையாது, காற்றுப் பை, அது கிழிந்துவிட்டது என்று பாலக்கரை மெக்கானிக் ஜாபர் பாய் சொன்னதும் நீங்கள் சிரித்த சிரிப்பில் அவர் கையிலிருந்த டீ கொட்டியது. புதுப் பையின் விலையைக் கேட்டபிறகு இரண்டு பேரும் வழிநெடுக வாயைத் திறக்கவில்லை. அப்புறம் டயர். ரோட்டுப் பள்ளத்தில் ஒரு தடவை இறங்கினால் போதும், ஓரத்தில் வீங்கிக்கொள்ளும். எலி வயரைக் கடித்தது, அதைச் சரிபண்ணினால் வேறு ஏதோ சென்சார் போனது, அது கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டியிருந்தது. வேன் ஒரு வருஷம் சாப்பிடுவதை இது ஒரு சர்வீஸில் சாப்பிட்டது.

இந்த எரிச்சலில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். இன்ஜினைக் குளிர வைக்கிற கூலன்ட் எங்கேயோ கசிந்து குறைந்துகொண்டே வந்தது நினைவிருக்கிறதா? அதற்கென்று உள்ள கூலன்ட்டைத்தான் ஊற்ற வேண்டும், தண்ணீர் கூடாது என்று ஜாபர் பாய் கண்டித்துச் சொல்லியிருந்தார். வாரா வாரம் அதை வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. நீங்கள் இல்லாத நேரமாகப் பார்த்து, வீட்டு போர் தண்ணீரைப் பிடித்து ஊற்ற ஆரம்பித்தேன். அந்தத் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிவதைத் தினமும் பார்க்கிறவன்தான். அப்படியும் ஊற்றினேன்.

பிறகு அந்த மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைக்காரர் வீட்டுக் கல்யாணம். பூ அலங்காரம் செய்தவர்கள் காரின் முன்பக்கக் கிரில்லைச் சாமந்தியால் மொத்தமாக மூடினார்கள். "மூக்கை மூடாதீங்கப்பா, வண்டி மூச்சு விடணும்" என்று நீங்கள் சொன்னீர்கள். "போட்டோல அதுதான் அத்தான் தெரியும், விடுங்க" என்று சொன்னது நான். சித்திரை வீதியில் நாதஸ்வரக்காரர் நின்ற இடத்திலெல்லாம் நீங்களும் நிறுத்தி, ஆளோடு ஆளாக நகர்த்திக்கொண்டு வந்தீர்கள். உள்ளே மாப்பிள்ளைக்கு ஏசி முழு வேகத்தில் ஓடியது.

திடீரென்று பூவுக்குள்ளிருந்து ஆவி கிளம்பியது. மாப்பிள்ளை பட்டுவேட்டியோடு நடுவீதியில் இறங்கி நின்றார். அவருடைய சித்தப்பா என் சட்டையைப் பிடிக்காத குறை. நம் ஸ்டாண்டு டிரைவர்கள் அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். எனக்கு யாரையாவது கைகாட்ட வேண்டியிருந்தது, உங்களைக் காட்டினேன்.

"சூடு காட்டுற முள்ளு ஏறுனதைப் பாக்கலையா நீங்க?"

"முள்ளு நடுவுலதான்யா நின்னுச்சு. பாத்துக்கிட்டேதான் வந்தேன். திடீர்னு செவப்பா எழுத்து வந்துச்சு."

"பொய் சொல்லாதீங்க அத்தான். கண்ணு தெரியலன்னா வேனோட நிறுத்திக்கணும்."

போகிற ஆட்டோவை மறித்து மாப்பிள்ளையை ஏற்றிவிட்டீர்கள். கார் சாவியை என் கையில் வைத்தீர்கள். அதற்குப் பிறகு அதைத் தொடவே இல்லை. ஏழு மாதம் கழித்து, வேனைக் கழுவிக்கொண்டிருந்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

சூட்டில் இன்ஜினின் மேல்பாகமான ஹெட் வளைந்துவிட்டது என்று கார் ஜாபர் பாய் ஷெட்டிலேயே கிடந்தது. சரிசெய்யக் கேட்ட தொகைக்குப் புதிதாக ஒரு சின்னக் காரே வாங்கலாம். போன மாதம்தான், பிரித்துப் பாகம் பாகமாக விற்றுவிடலாம் என்று முடிவெடுத்தேன். கூலன்ட் ஓடிக் குளிர்கிற ரேடியேட்டரைப் பாய் அறுத்துக் காட்டினார். உள்ளே வெள்ளையாக, கல்லாக, அடைத்துக்கொண்டிருந்தது.

"இதுல யாரு தம்பி போர் தண்ணி ஊத்துனது?"

"நான்தான் பாய்."

அப்போதும் நான் மெல்ல, முள் ஏறியிருக்குமே, அத்தான் கவனிக்கவில்லையே என்று இழுத்தேன்.

"இந்த வண்டியில முள்ளு அப்படித்தான் தம்பி. சூடு கொஞ்சம் கூடினாலும் கொறைஞ்சாலும் நடுவுலயே நிக்கிற மாதிரி செட் பண்ணியிருப்பாங்க. அது அசையறப்போ எல்லாம் முடிஞ்சிருக்கும். அவரு என்ன, நானே ஓட்டியிருந்தாலும் தெரிஞ்சிருக்காது."

அன்றைக்கு நான் எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை. நேரே அக்காவிடம் போய், தண்ணீர் ஊற்றியது முதல் முள் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன். எழுந்து போய் பீரோவிலிருந்து ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

"அந்தக் கல்யாணத்துக்கு மறுவாரமே கண் டாக்டர்கிட்ட போனாருடா. கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டாங்க. இவரு நம்பல. இன்னொரு டாக்டர்கிட்ட போயி இதை வாங்கிட்டு வந்தாரு. 'முள்ளு நடுவுல நின்ன மாதிரி எனக்குத்தான் தெரிஞ்சிருக்கு போல, சேகரு சொன்னா சரியாத்தான் இருக்கும்'னாரு."

அத்தான், என்னை அடித்திருக்கலாம் நீங்கள். இருபது வருஷம் ஒன்றாகத் தொழில் செய்தோம், ஒரு நாள் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். உங்கள் கண்ணை நம்பாமல் என் வாயை நம்பினீர்களே, அப்படி என்ன செய்துவிட்டேன் நான் உங்களுக்கு?

நான் அக்காவின் காலில் விழப் போனேன். காலை இழுத்துக்கொண்டாள். "எங்கிட்ட வந்து தனியா சொல்லி என்ன ஆகப்போகுது? அன்னிக்கு வீதியில வச்சு, அத்தனை பேரு முன்னாடி சொன்னல்ல? அவங்ககிட்ட சொல்லு" என்றாள். உங்கள் முதல் வருஷ நினைவுநாளுக்கு நோட்டீஸ் அடிக்கக் கொடுத்திருந்தேன். படத்துக்குக் கீழே எப்போதும் போடுகிற கவிதையைப் போட்டிருந்தார்கள். அதை அக்கா பேனாவால் அடித்துவிட்டாள். "நடந்ததை எழுது" என்றாள்.

அதனால்தான் இது உங்களுக்கு எழுதும் கடிதமாக இருந்தும், ஸ்ரீரங்கம் கார் ஸ்டாண்டில் இருப்பவர்கள், அன்றைக்குச் சித்திரை வீதியில் நின்றவர்கள் எல்லார் கையிலும் நோட்டீஸாக இருக்கிறது. படிக்கிறவர்கள் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

வருகிற வெள்ளிக்கிழமை உங்களுக்குத் திதி. அம்மா மண்டபத்தில் பிண்டம் கரைத்துவிட்டு, ஈர வேட்டியோடு நேராக ஸ்டாண்டுக்கு வருவேன். எல்லாரையும் நிறுத்தி, என் வாயால் இதை வாசிப்பேன். பாதியில் யார் நிறுத்தினாலும் ஒன்றை மட்டும் சொல்லாமல் நகர மாட்டேன்: என் அத்தான் கோவிந்தராஜுக்குக் கண் நன்றாகத் தெரிந்தது. அவர் பார்த்தது பார்த்தபடியே சொன்னார். பொய் சொன்னவன் நான்.

உங்கள் மச்சினன்,
சேகர்