வெந்நீர்த் தொட்டியில் வந்த குமிழியும் எலியாவின் ஃபைனலும்

மாங்கரே, ஆக்லாந்து
ஞாயிற்றுக்கிழமை

என் செல்ல மகள் பெனினாவுக்கு,

அம்மா எழுதறேன். கர்த்தர் புண்ணியத்துல இங்கே நாங்க மூணு பேரும் கைகால் சுகத்தோட இருக்கோம், அங்கே அபர்டீன்ல நீயும் அப்படியே இருக்கணும்னு காலையில சர்ச்சுல முழங்கால் வலிக்க வலிக்க வேண்டிக்கிட்டு வந்தேன். கோடைன்னு சொல்லி நீ அனுப்பின படத்துல ரெண்டு ஸ்வெட்டரை மாட்டிக்கிட்டு நிக்கிறே, அது என்ன கோடையோ போ. முகம் வேற வத்தின மாதிரி இருக்கு. ஆஸ்பத்திரி டூட்டி முடிஞ்சு வந்ததும் காய்ஞ்ச ரொட்டியைக் கடிச்சுட்டுப் படுத்துடாதே, அரிசி வாங்கி வச்சுக்கோ, தொட்டுக்க டின் மீன் இருந்தாக்கூடப் போதும், சூடா ஏதாவது வயித்துல விழணும். சரி, அதெல்லாம் இருக்கட்டும். நேத்து நடந்ததை உங்கப்பா போன்ல உன்கிட்ட கொட்டிட்டாரே, சமையக்கட்டுல நின்னு நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அவர் சொன்னதுல பாதிக்கு மேல அவர் பெருமைதான், நான் எங்கேயோ ஓரமா நிக்கிறேன். அதான் சேப்பங்கிழங்கு இலையைத் தேங்காய்ப்பால்ல போட்டுப் பலுசாமியை அடுப்புல ஏத்திட்டு, அது வேகறதுக்குள்ள நடந்தது நடந்தபடி எழுதிடலாம்னு உட்கார்ந்துட்டேன். அவசரத்துல எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்கோ பெனினா.

நேத்து தம்பி எலியாவோட ஸ்கூல் ரக்பி ஃபைனல்னு உனக்குத் தெரியும். அந்தச் சனிக்கிழமையைப் பார்த்துத்தான் எங்க ஃபேக்டரியிலயும் ஓவர்டைம் போட்டாங்க. நம்ம தீவுக்கு, அப்பியாவுக்குக் கப்பல்ல போற கொசு மருந்து ஸ்ப்ரே, ஒரு கன்டெய்னர் முழுக்க. அங்கே இந்த வருஷம் மழை விடாமப் பெய்ஞ்சு கொசு மொய்க்குதாம், உன் சாமுவேலு மாமா கடைக்கும் இதுலேர்ந்துதான் சரக்கு போகுது. மத்தியானத்துக்குள்ள முடிச்சுட்டா எல்லாரும் கிளம்பலாம்னு நைரி சொல்லிட்டா. நைரி யாருன்னு ஞாபகம் இருக்கா, எங்க ஷிஃப்ட்டுக்கு மேலதிகாரி, போன கிறிஸ்துமஸுக்கு வந்து உங்கப்பா பக்கத்துல உட்கார்ந்து அவரையே தோக்கடிக்கிற மாதிரி சாப்பிட்டாளே, அவதான். பேக்கிங்ல நிக்கிற வைமோவானாவோட அக்கா பையனும் எலியா டீம்தான், அதனால லைன்ல இருந்த பாதிப் பேர் ஆட்டத்துக்கு வர்றதா இருந்தாங்க. வேலை பறந்துச்சு. நான் வழக்கம்போல வெந்நீர்த் தொட்டிகிட்ட. மருந்தும் கேஸும் அடைச்ச டப்பா ஒவ்வொண்ணும் பேக்கிங்குக்குப் போறதுக்கு முன்னாடி அந்த வெந்நீர்ல முங்கித்தான் வரணும், சூட்டுல உள்ளே அழுத்தம் ஏறும், எங்கேயாவது கசிவு இருந்தா குமிழி காட்டிக் கொடுத்துடும், நான் கண்ணாடி வழியாப் பார்த்து அதைத் தூக்கித் தனியாப் போடணும். ராத்திரி கண்ணை மூடினாக்கூட எனக்கு டப்பாதான் வரிசையாப் போகும்.

நல்லாப் போய்க்கிட்டிருந்த நேரத்துல ஒரு டப்பா குமிழி விட்டுச்சு. தண்ணியில இறங்கும்போது வால்வு ஓரத்துல ஒட்டியிருக்கிற காத்து ஒண்ணு ரெண்டு குமிழியா வரும், அது சகஜம், வந்த வேகத்துல நின்னுடும். இது நிக்கல. ஊசியில நூல் கோத்த மாதிரி மெல்லிசா, விடாம மேலே போய்க்கிட்டே இருந்துச்சு. எடுத்துப் போட்டேன். கொஞ்சம் பொறுத்து இன்னொண்ணு, அதே இடம், அதே நூல். அப்புறம் இன்னொண்ணு. என் மனசு என்னென்ன சொல்லுச்சு தெரியுமா, ஒண்ணொண்ணாப் பொறுக்கிப் போட்டுக்கிட்டே மத்தியானம் வரைக்கும் ஓட்டிடு டெலேசியா, புள்ளை ஃபைனல் வருஷா வருஷம் வராதுன்னு சொல்லுச்சு. கை லைனை நிறுத்தற சிவப்புப் பட்டன் மேல போய்ப் போய்த் திரும்புது. அடுத்த டப்பா வந்து அதே மாதிரி நூல் விட்டதும் அமுக்கிட்டேன். லைன் மொத்தமும் டக்குன்னு நின்னு போச்சு.

வைமோவானாதான் முதல்ல ஆரம்பிச்சா. ஏன்டி, உன் வீட்டுல சோத்துப்பானை குமிழி விட்டாலும் இப்படித்தான் அடுப்பை அணைச்சுட்டு ஊரைக் கூட்டுவியான்னு கத்தினா, எல்லாரும் சிரிச்சாங்க, ஆனா அந்தச் சிரிப்புல எரிச்சல்தான் ஜாஸ்தி. நைரி ஓடி வந்தா, நான் எடுத்து வச்ச டப்பாவைத் திரும்ப முக்கச் சொல்லிக் குனிஞ்சு பார்த்தா, பார்த்துட்டு ஃபிட்டர் டிண்டோவைக் கூப்பிட்டா. அவன் வால்வை டப்பா வாயில இறுக்கிக் கவ்வுற மெஷின் தலையைக் கழட்டினான். ஒரு தலையில உள்ளே இருக்கிற பல்லு ஒண்ணு தலைமுடி கனத்துக்கு விரிசல் விட்டிருந்துச்சு. இது இன்னிக்கு விட்ட விரிசல்தான், காலையிலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா வாய் பிளந்திருக்கு, முதல்ல கவ்வினதெல்லாம் தொட்டியில குமிழியே காட்டாத அளவுக்கு மெல்லக் கசியலாம்னு சொன்னான். அப்போ காலையிலேர்ந்து பேக் பண்ணின எல்லாமே சந்தேகம்தான். நைரி கண்ணை மூடிக்கிட்டு ஒரு பெருமூச்சு விட்டா, கன்டெய்னர்ல ஏத்தினதையும் இறக்குங்க, எல்லாத்தையும் திரும்ப முக்கணும்னுட்டா.

அந்த நேரம் பார்த்து உங்கப்பா கிடங்குலேர்ந்து வேகு வேகுன்னு வர்றார். கன்டெய்னர்ல பாதிக்கு மேல அவர்தான் ஃபோர்க்லிஃப்ட்ல ஏத்தி முடிச்சிருந்தார். ஏ டெலேசியா, பெத்த புள்ளை ஆட்டத்தை விட உனக்கு டப்பா பெருசாப் போச்சா, அதெல்லாம் ஒரு தடவை முங்கி வந்ததுதானே, குளிச்சவனைத் திரும்பக் குளின்னு சொல்றியேன்னு எல்லார் முன்னாலயும் கேட்டுட்டார். எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிடுச்சு. நீங்க வேணா போய்ப் பாருங்க, நான் வரலைன்னு மட்டும் சொன்னேன். நைரி அவர்கிட்ட வாதாடவே இல்ல. காத்துல கேஸ் இருந்தா கத்தற மீட்டரை எடுத்து அவர் கையில திணிச்சு, ரோபதி, இதை ஒரு தடவை கன்டெய்னருக்குள்ள நீட்டிப் பார்த்துட்டு வந்து திட்டுன்னு சொன்னா. முணுமுணுத்துக்கிட்டே போனார். அங்கே லாரி டிரைவர், இவங்க இன்னிக்கு ஏத்த மாட்டாங்க போலன்னு ஒரு பக்கக் கதவைச் சாத்திட்டு, வாயில சிகரெட்டை வச்சுக்கிட்டுப் பையில லைட்டரைத் துழாவிக்கிட்டு நிக்கிறானாம். இவர் மீட்டரை உள்ளே நீட்டினார் பாரு, அது போட்ட கூச்சல் லைன்ல நின்ன எங்களுக்கே கேட்டுச்சு பெனினா. உங்கப்பா மீட்டரைப் போட்டுட்டு அந்த ஆளோட ரெண்டு கையையும் சேர்த்துக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாராம். அவன் பயந்து போய், யோவ் விடுய்யா, நான் என்ன பண்ணினேன்னு அலறியிருக்கான், இவர் தரதரன்னு கேட்டுக்கு வெளியே இழுத்துக்கிட்டுப் போய் நிறுத்தினப்புறம்தான் கேஸ் கேஸ்னு வாய் வந்திருக்கு. இந்த இடத்துல அவர் உன்கிட்ட சொன்ன பெருமையெல்லாம் நிஜம்தான், நான் குறை சொல்ல மாட்டேன்.

கதவையெல்லாம் திறந்து காத்தோட விட்டு, மோட்டார் வண்டி எதையும் தொடாம, மீட்டர் சத்தம் அடங்கினதும் கைவண்டியில ஒண்ணொண்ணா இழுத்து இறக்கினாங்க. அதை அப்படியே பூட்டி அனுப்பியிருந்தா, நாள்கணக்குல துறைமுகத்துல கிடந்து, கப்பல்ல ஆடி ஆடிப் போய், அங்கே யார் வந்து திறப்பாங்களோ, உன் மாமாவும்தான் எப்பவும் வாயில சிகரெட்டோட திரியற ஆளு. நினைச்சா இப்பவும் உடம்பு சிலிர்க்குது. உங்கப்பா திரும்பி வந்தார், முகம் வெளுத்துப் போய்க் கிடந்துச்சு. மன்னிப்புக் கின்னிப்புன்னு ஒண்ணும் சொல்லல, சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டு, நான் எந்தப் பக்கம் நிக்கட்டும்னு மட்டும் கேட்டார். எதிர்ப் பக்கம் நில்லுங்க, பேசாம கண்ணைத் தண்ணியில வைங்கன்னேன். அதுக்கப்புறம் ஒருத்தரும் முணுமுணுக்கல. வைமோவானா அட்டைப்பெட்டியைக் கிழிச்சுக் கிழிச்சு டப்பாவை எடுத்துக் கொடுத்துக்கிட்டே ஞானப்பாட்டு பாடினா, அவ தொண்டைக்கு டிண்டோகூடத் தாளம் போட்டான். பெல்ட்டை மெதுவா விட்டு ஒவ்வொண்ணையும் அதிக நேரம் தண்ணியில வச்சோம், மறைஞ்சு கிடந்த கசிவெல்லாம் ஒவ்வொண்ணா நூல் விட்டுச்சு. போனெல்லாம் எங்க லாக்கர்ல, உள்ளே கொண்டு வரவே கூடாது. இந்நேரம் ஆட்டம் ஆரம்பிச்சிருக்கும்னு எல்லாரும் மாத்தி மாத்திச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டோம்.

கடைசி டப்பா கரையேறினதும் கையுறையைக் கழட்டி வீசிட்டு ஓடினோம் பாரு! அந்த மஞ்சள் சட்டையோட, பூட்ஸோட, மருந்து வாடையோட, அஞ்சாறு கார்ல அடைச்சுக்கிட்டு ஸ்கூல் மைதானத்துக்குப் போய் இறங்கினா, ஆட்டம் எப்பவோ முடிஞ்சு கூட்டமெல்லாம் கலைஞ்சிருச்சு. ஆனா பசங்க போகல. தலையிலேர்ந்து கால் வரைக்கும் சேறு, நடுவுல கப்பு. ஜெயிச்சுட்டாங்க பெனினா! கடைசி நிமிஷத்துல ஓரத்தோட ஓடிப் போய்க் கோட்டுக்கு அப்பால பந்தை வச்சது யாருன்னு நினைக்கிறே, நம்ம எலியாதான்! என்னைப் பார்த்ததும் அவன் சிரிக்கல, எங்கேம்மா போனே, எத்தனை தடவை திரும்பிப் பார்த்தேன் தெரியுமான்னு கேட்டான், உதடு துடிக்குது. உங்கப்பா ஒரே மூச்சுல எல்லாத்தையும் சொன்னார். பசங்க வாயைப் பிளந்துக்கிட்டுக் கேட்டாங்க. கேட்டு முடிச்சதும் அவங்க கோச், அப்போ இவங்களுக்கு ஒரு தடவை ஆடிக் காட்டிடுவோம்டான்னார்.

ஆடினாங்க பெனினா, எங்களுக்காகவே, கடைசி நிமிஷத்தை மட்டும். எதிர் டீம்தான் வீட்டுக்குப் போயிடுச்சே, அதனால எங்க ஷிஃப்ட்டுதான் எதிர் டீம். வைமோவானா நடுவுல, டிண்டோ ஓரத்துல, கடைசி ஆளா உங்கப்பா. யோவ் ரோபதி, நீ அவனைப் பிடிச்சுடக் கூடாது, விட்டுடணும்னு எல்லாரும் கத்தறாங்க, இவரா கேட்பார், நிஜமாவே பிடிக்கப் பாய்ஞ்சார். எலியா இடுப்பை ஒரு வெட்டு வெட்டினான், அவ்வளவுதான், உங்கப்பா சேத்துல நெடுஞ்சாண்கிடையா விழுந்து வழுக்கிக்கிட்டே போறார், இவன் அவரைத் தாண்டிப் போய்க் கோட்டுக்கு அந்தப் பக்கம் பந்தோட விழுந்தான். நைரி தொப்பியைத் தூக்கி எறிஞ்சா. நான் போட்ட கூச்சல்ல தொண்டை கட்டி, இன்னிக்கு சர்ச்சுல வெறும் வாயைத்தான் அசைச்சேன். உங்கப்பா சேத்துலேர்ந்து எழுந்திருக்காமலே, இதுதான் நிஜமான ஃபைனல்னு சிரிச்சுக்கிட்டுக் கிடந்தார். ஒருத்தருக்கும் படம் எடுக்கத் தோணல.

கன்டெய்னர் நாளைக்குக் கிளம்புது, மாமாவுக்குச் சொல்லிட்டேன். பலுசாமி வாசனை வந்துடுச்சு, முடிச்சுக்கறேன். ஒண்ணு மட்டும், உன் ரூம் படத்துல ஹீட்டர் மேல ஹேர் ஸ்ப்ரே டப்பா நிக்கிறதைப் பார்த்தேன், இதைப் படிச்ச உடனே அதை எடுத்து எட்டத்துல வை, எங்கிட்ட வாங்கிக் கட்டிக்காதே. உன் பெரியம்மாவுக்கு வர்ற வெள்ளிக்கிழமை முட்டி ஆபரேஷன், மறக்காம ஒரு வார்த்தை பேசு, நீ பேசினா அவங்களுக்குப் பாதி வலி போயிடும். கர்த்தர் உன் கூடவே வரட்டும், உன் கை தொட்ட நோயாளியெல்லாம் எழுந்து நடக்கட்டும், என் கண்ணே.

உன்னை நெஞ்சோட அணைச்சுக்கிற
அம்மா டெலேசியா